எத்தனை மடங்கு? எதில் மடங்கு?

தமிழ் மாணவர்களாகிய நம்மிடையே ஒரு பாகப்பிரிவினை நடந்து முடிந்திருக்கிறது. யாரும் பத்திரம் எழுதவில்லை. சாட்சிக் கையெழுத்தும் வாங்கவில்லை. ஆயினும் சொத்துக்கள் பிரிந்துவிட்டன. வியப்பு தமிழின் பங்குக்கு வந்தது. கணக்கு ஆங்கிலத்தின் பங்குக்குப் போயிற்று. வகுப்பறையில் ஆங்கிலத்தில் கணக்குப் போடுகிறோம். மாலையில் சங்கக் கூட்டத்துக்கு வந்து தமிழில் வியக்கிறோம். இந்த ஏற்பாடு எல்லாருக்கும் வசதியாக இருப்பதால் எவரும் வழக்காடவில்லை. நான் வழக்காடப் போகிறேன். அதற்கு விண்மீன்களின் அளவை எடுத்துக்கொள்கிறேன். ஏனெனில் இந்தப் பிரிவினையின் கேடு அங்கேதான் நன்றாகக் கண்ணில் படுகிறது.

மார்கழித் திருவாதிரையை ஒட்டி நம்மவர் கூட்டம் ஒன்றில் பேச வந்த அன்பர், "ஆதிரை விண்மீன் நம் ஞாயிற்றைவிட ஆயிரம் மடங்கு பெரியது!" என்று முழங்கினார். அவை கைதட்டிற்று. பின்வரிசையில் இருந்த முதலாண்டு மாணவி ஒருவர் எழுந்து, "ஐயா, எதில் ஆயிரம் மடங்கு?" என்று கேட்டார். "எல்லாவற்றிலும்தான் அம்மா!" என்றார் பேச்சாளர். அவை மீண்டும் கைதட்டிற்று. அன்று மாலை பேசப்பட்டவற்றுள் உருப்படியானது அந்த மாணவியின் ஒற்றைச் சொல்தான் என்பது என் எண்ணம். "எதில்?"

அந்தக் கேள்விக்கு விடை சொல்லிப் பார்ப்போம். திருவாதிரையின் விட்டம், இன்றைய கணிப்பொன்றின்படி, ஞாயிற்றின் விட்டத்தைப் போல் சுமார் 760 மடங்கு. விட்டம் 760 மடங்கானால் பருமன் அதன் மும்மடி. அதாவது ஏறக்குறைய 44 கோடி மடங்கு. அதனுள் 44 கோடி ஞாயிறுகளைக் கொட்டி நிரப்பலாம். ஆனால் அதில் உள்ள பொருள் எவ்வளவு? நம் ஞாயிற்றைப் போல் 15 முதல் 20 மடங்குக்குள்தான்! இருபது வீட்டுச் சாமானை 44 கோடி வீடுகளில் பரப்பி வைத்தால் ஒவ்வொரு வீட்டிலும் என்ன இருக்கும்? நாம் மூச்சு விடும் காற்றைவிடப் பல்லாயிரம் மடங்கு மெலிந்த பொருள்தான் அந்த மாபெரும் விண்மீன். ஆகவே "பெரியது" என்ற ஒரே சொல்லுக்குள் 760, 44 கோடி, 15 முதல் 20 என்று மூன்று கணக்குகள் ஒளிந்திருக்கின்றன. "எல்லாவற்றிலும் ஆயிரம்" என்பது இவற்றுள் எதுவுமே அன்று.

எண் தெரிந்தால் மட்டும் போதுமா? போதாது. எண்ணைக் கைப்பேசி ஒரு நொடியில் காட்டிவிடும். அந்த எண்ணை எவர், எப்படிக் கண்டார் என்பதே நமக்கு வேண்டியது.

இங்கே ஒரு வில்லங்கம் இருக்கிறது. விண்மீனின் அளவை யாரும் எளிதில் கண்ணால் பார்த்துவிட முடியாது. எவ்வளவு நல்ல தொலைநோக்கியில் பார்த்தாலும் பெரும்பாலான விண்மீன்கள் வெறும் புள்ளிகளே. நாம் படிக்கும் இந்தக் காசி நகரிலேயே, மானமந்திரக் கட்டத்தின் மாடியில், மன்னர் ஜெயசிங்கின் வானாய்வுக் கூடம் நிற்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் கல்லும் சுண்ணமும் கொண்டு எழுப்பிய அருமையான கருவிகள் அவை. விடுமுறையில் நாமெல்லாம் படகில் போகும்போது அண்ணாந்து பார்த்திருப்போம். அவற்றால் விண்பொருள் எங்கே இருக்கிறது என்று அளக்கலாம். விண்மீன் எவ்வளவு பெரியது என்று கேட்டால் அந்தக் கற்கள் வாய் திறக்கமாட்டா. அவற்றின் குறையன்று அது. அந்தக் காலத்தில் உலகில் எந்தக் கூடத்துக் கருவியும் அதற்கு விடை சொல்லியிராது.

விடைக்கு வழி அடுப்பிலிருந்து வந்தது என்றால் நம்புவீர்களா? குமுட்டி அடுப்பில் கனலும் கரியை நினைத்துக்கொள்ளுங்கள். சிவந்து மங்கிய கரித்துண்டு கொஞ்சம் அனல் வீசும். விசிறினால் அதே துண்டு மஞ்சளாகி, வெளுத்து, முகம் சுடுமளவுக்கு அனல் வீசும். துண்டு பெரிதாகவில்லை, வெப்பநிலைதான் ஏறிற்று. வெப்பநிலை ஏறாமல் அனல் மிக வேண்டுமானால் கரியை அதிகமாகக் கொட்டவேண்டும். அனலுக்கு இப்படி இரண்டு வழிகள்: சூடு மிகுதல், பரப்பு மிகுதல். இதில் சூட்டின் பங்கு எவ்வளவு என்பதை 1879இல் ஜோசப் ஸ்டெஃபான் என்ற ஆஸ்திரிய விஞ்ஞானி கண்டு சொன்னார். 1884இல் அவருடைய மாணவர் போல்ட்ஸ்மன் அதற்குக் கொள்கை முறையில் நிறுவல் தந்தார். ஒரு சதுர அடிப் பரப்பிலிருந்து வெளிவரும் ஆற்றல், வெப்பநிலையின் நான்மடியைப் பொறுத்தது. வெப்பநிலை இரட்டித்தால் ஆற்றல் பதினாறு மடங்கு!

இனி விண்மீனுக்கு வருவோம். அதன் மொத்த ஒளிர்திறன் தெரிகிறது, வெப்பநிலையும் தெரிகிறது. அவ்வளவு ஒளி வீச எவ்வளவு பரப்பு வேண்டும் என்று கேட்டால் அளவு தானே வந்து நிற்கும். ஞாயிற்றோடு ஒப்பிட்டுச் சொன்னால் சூத்திரம் இன்னும் எளிது. மாறிலிகள் எல்லாம் அடிபட்டுப் போகின்றன. ஞாயிற்றின் வெப்பநிலையை விண்மீனின் வெப்பநிலையால் வகு. வந்த ஈவை வர்க்கமாக்கு. விண்மீனின் ஒளிர்திறன் ஞாயிற்றைப்போல் எத்தனை மடங்கோ, அதன் வர்க்கமூலத்தால் பெருக்கு. கிடைப்பது விட்டத்தின் மடங்கு. இவ்வளவுதான்! பள்ளி இறுதி வகுப்புக்கு மேல் இதில் ஒரு படிகூட இல்லை.

வானில் மிக ஒளியுள்ள சிரியஸை எடுத்துக்கொள்வோம். ஞாயிற்றின் மேற்பரப்பு வெப்பநிலை 5,772 கெல்வின். சிரியஸுக்குச் சுமார் 9,940. வகுத்தால் 0.58, வர்க்கமாக்கினால் 0.34. சிரியஸின் ஒளிர்திறன் ஞாயிற்றைப்போல் ஏறக்குறைய 25 மடங்கு, வர்க்கமூலம் 5. பெருக்கினால் 1.7. இருபத்தைந்து மடங்கு ஒளி வீசும் விண்மீனின் விட்டம் இரண்டு மடங்குகூட இல்லை! அதன் பெருமையெல்லாம் சூட்டில்.

அடுத்து ரோகிணி. அதன் செம்மஞ்சள் நிறமே அது சூடு குறைந்தது என்று சொல்கிறது: சுமார் 3,900 கெல்வின். 5,772ஐ 3,900ஆல் வகுத்தால் 1.48, வர்க்கம் 2.19. ஒளிர்திறன் ஏறத்தாழ 440 மடங்கு, வர்க்கமூலம் 21. பெருக்கினால் 46. ஞாயிறு இருக்கும் இடத்தில் ரோகிணியை வைத்தால் நம் கிழக்கு வானில் விடியும்போது என்ன காட்சியாயிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஞாயிற்றின் வட்டம் அரைப் பாகை அகலந்தான். ரோகிணி உதித்தால் அடிவானத்தில் இருபது பாகைக்கு மேல் அடைத்துக்கொண்டு எழும். பேச்சாளர் அன்பர் வியப்பு வேண்டும் என்கிறார். கணக்கிலிருந்து கிடைத்த இந்த வியப்பை அவருக்கு வழங்குகிறேன்.

"ஒளிர்திறனும் வெப்பநிலையும் தெரிகின்றன" என்று மேலே இலேசாகச் சொல்லிவிட்டேன். அந்த இலேசுக்குள்தான் நூறாண்டு உழைப்பு இருக்கிறது. ஒளிர்திறன் தெரியவேண்டுமானால் விண்மீனின் தூரம் தெரியவேண்டும். அருகில் உள்ள அகலும் தொலைவில் உள்ள பந்தமும் ஒரே மாதிரித்தானே தோன்றும்? பூமி ஞாயிற்றைச் சுற்றும்போது விண்மீன் சற்றே இடம்பெயர்வது போல் தோன்றும் கோணத்தைக் கொண்டு தூரத்தை அறிவார்கள். இதை முதன்முதலில் 1838இல் வெற்றியாகச் செய்தவர் பெசல். இன்னொன்று: கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டும் எண்ணினால் செந்நிற விண்மீன்களின் கணக்குக் குப்புற விழும். அவை வீசுவதில் பெரும்பகுதி கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர். அதையும் சேர்த்தே கூட்டவேண்டும்.

வெப்பநிலையை நிறத்திலிருந்து ஓரளவு அறியலாம். நுட்பமாக அறிய விண்மீனின் நிறமாலையில் உள்ள கரிய கோடுகளைப் படிக்கவேண்டும். எந்தச் சூட்டில் எந்த அணு எவ்வளவு மின்னணுக்களை இழக்கும், அதனால் எந்தக் கோடு தடிக்கும், எது மெலியும் என்பதற்குச் சமன்பாடு தந்தவர் மேகநாத சாகா. ஆண்டு 1920. அடுத்த மூன்றாண்டில், 1923இல், அவர் இங்கிருந்து ஓர் இரவுப் பயணம்கூட இல்லாத அலகாபாத்துக்குப் பேராசிரியராக வந்தார். 1938 வரை அங்கேயே கற்பித்தார். விண்மீன்களின் வெப்பநிலைக்குத் திறவுகோல் தந்தவர் நம் பக்கத்து ஊரில் பதினைந்து ஆண்டுகள் கரும்பலகை முன் நின்றிருக்கிறார். நாமோ சங்கமம் பார்க்க மட்டும் அங்கே போய் வருகிறோம்.

இந்த எளிய சூத்திரம் ஒரு முறை உலகத்தையே திகைக்க வைத்திருக்கிறது. சிரியஸுக்கு ஒரு மங்கிய துணை உண்டு. 1862இல் ஆல்வன் கிளார்க் அதைக் கண்டார். மங்கலாயிருப்பதால் அது சூடு ஆறிய சிவந்த விண்மீனாக இருக்கும் என்று நினைப்பது இயல்பு. 1915இல் மவுண்ட் வில்சனில் ஆடம்ஸ் அதன் நிறமாலையைப் பிடித்தார். பார்த்தால் வெண்சூடு! இன்றைய மதிப்பு சுமார் 25,000 கெல்வின். ஒளிர்திறனோ ஞாயிற்றில் நாற்பதில் ஒரு பங்கு. கணக்கைப் போடுங்கள்: 5,772ஐ 25,000ஆல் வகுத்தால் 0.23, வர்க்கம் 0.053, நாற்பதில் ஒன்றின் வர்க்கமூலம் 0.158, பெருக்கினால் 0.0084. ஞாயிற்றின் விட்டம் பூமியைப்போல் 109 மடங்கு என்பது நமக்குத் தெரியும். ஆகவே இந்த விண்மீன் பூமியைவிடச் சற்றுச் சிறியது. அதன் நிறையோ ஏறக்குறைய ஞாயிற்றின் நிறை! ஒரு முழு ஞாயிற்றை நம் பூமிக்குள் அடைத்தாற்போல. விடை நம்பத்தகாததாக இருந்தது. ஆனால் வழியில் பிழை இல்லை. வழியில் நம்பிக்கை உள்ளவர்கள்தாம் விடையையும் நம்பி மேலே ஆராயத் துணிந்தார்கள்.

அவர்களில் ஒருவர் 1930இல் சென்னை மாநிலக் கல்லூரியில் படிப்பை முடித்துக் கப்பலேறிய பத்தொன்பது வயது இளைஞர். இத்தகைய வெண்குறு விண்மீன்களின் கணக்கைக் கடற்பயணத்திலேயே போட்டார். நிறை கூடக்கூட இவை பருக்காமல் சுருங்கும். ஞாயிற்றைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்கு நிறைக்குமேல் இவ்வகை விண்மீன் நிற்கவே முடியாது என்ற முடிவு அந்த ஆராய்ச்சியில் விளைந்தது. 1983இல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரைத்தான் சொல்கிறேன். ஆண்டுவிழா மேடைகளில் "சந்திரசேகர் தமிழர்!" என்று நாம் போடும் முழக்கத்துக்குக் குறைவில்லை. அவர் எதற்காகப் பரிசு பெற்றார் என்பதைத் தமிழில் ஐந்து நிமிடம் விளக்க நம்மில் எத்தனை பேர் எழுந்து நிற்போம்? பெருமை தமிழில், பொருள் ஆங்கிலத்தில். மீண்டும் அதே பாகப்பிரிவினை.

சூட்டையும் ஒளியையும் கொண்டு அளவைக் கண்டோம். இது சுற்றுவழி, நேரே அளந்து பார்த்த சாட்சி உண்டா என்று வழக்கறிஞர் போல் ஒருவர் கேட்கலாம். கேட்கவேண்டும். உண்டு. 1920 டிசம்பரில் மவுண்ட் வில்சனின் 100 அங்குலத் தொலைநோக்கியின் முகப்பில் 20 அடி நீள உத்தரம் ஒன்றைப் பொருத்தி, அதன்மேல் கண்ணாடிகளை வைத்து, மைக்கல்சனும் பீஸும் திருவாதிரையின் கோண விட்டத்தை அளந்தார்கள். இரு பக்கக் கண்ணாடிகளிலிருந்தும் வரும் ஒளியை ஒன்றுசேர்த்தால் கோடு கோடாகப் பட்டைகள் தோன்றும். கண்ணாடிகளை விலக்கிக்கொண்டே போனால் ஓரிடத்தில் பட்டைகள் மறையும். அந்த இடைவெளி விண்மீனின் கோணத்தைச் சொல்லிவிடும். இன்டர்ஃபெரோமீட்டர் என்பது இந்தக் கருவிக்குப் பெயர். கிடைத்த கோணம் 0.047 வினாடி. ஒரு பாகையை 3,600 வினாடிகளாக்கி, அந்த ஒரு வினாடியில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு.

கோணம் தெரிந்தால் அளவுக்கு இன்னொரு சிறு கணக்கு. தூரத்தைப் பார்செக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்; ஒரு பார்செக் என்பது 3.26 ஒளியாண்டு. வினாடியில் உள்ள கோணத்தைப் பார்செக்கில் உள்ள தூரத்தால் பெருக்கினால், விண்மீனின் விட்டம் பூமி-ஞாயிறு இடைவெளியைப்போல் எத்தனை பங்கு என்பது வரும். அந்த இடைவெளியில் 107.5 ஞாயிறுகளை வரிசையாக அடுக்கலாம். ஆகையால் 107.5ஆல் பெருக்கினால் ஞாயிற்றின் மடங்கு. முன்பு கணக்கிட்ட சிரியஸையே சோதிப்போம். கோணம் 0.006 வினாடி, தூரம் 2.64 பார்செக். பெருக்குங்கள்: 1.7! அடுப்புக்கணக்கு சொன்ன அதே 1.7. ரோகிணிக்குக் கோணம் 0.021, தூரம் 20 பார்செக், விடை 45. முன்பு வந்தது 46. ஒன்றை ஒன்று அறியாத இரண்டு சாட்சிகள் ஒரே வாக்குமூலம் கொடுத்தால் நீதிபதி என்ன செய்வார்?

சிரியஸின் கோணத்தை 1956இல் புதியதொரு முறையில் அளந்து காட்டியவர்கள் ஹான்பரி பிரவுனும் ட்விஸ்ஸும். பிறகு ஆஸ்திரேலியாவின் நராப்ரையில் அம்முறையிலேயே 32 விண்மீன்களை அளந்து 1974இல் வெளியிட்டார்கள். இந்த ஹான்பரி பிரவுன் பிறந்த ஊர் நீலகிரியின் அருவங்காடு! 1916இல் அங்கே பிறந்தார். ஊட்டி ரயிலில் போகும் நம்மவர்கள் அந்த நிலையத்தில் தேநீர் குடித்துவிட்டு இதை அறியாமல் போகிறார்கள். நிலவு தன் பாதையில் ரோகிணியையும் கேட்டையையும் மறைத்துச் செல்லும்போது அவற்றின் ஒளி அணையும் விதத்திலிருந்தும் கோண விட்டம் காணலாம். நம் நாட்டில் அபு மலைக் குருசிகரத்தில் இந்த முறையில் பல விண்மீன்களை அளந்திருக்கிறார்கள்.

இப்போது திருவாதிரைக்குத் திரும்புவோம். நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இங்கேதான் இருக்கிறது. 1920இல் மைக்கல்சன் கூட்டத்தார் கண்ட கோணம் 0.047. அப்போது தூரம் சுமார் 180 ஒளியாண்டு என்று கொண்டார்கள். ஞாயிற்றைப்போல் 280 மடங்கு என்று விடை வந்தது. இன்று கோணத்தை 0.042 என்று கொள்வோம். பெரிய மாற்றம் இல்லை. ஆனால் தூரம்? 1997இல் வெளியான ஹிப்பார்க்கஸ் விண்கல அட்டவணை 131 பார்செக் என்றது: விடை 590 மடங்கு. 2008இல் ரேடியோ அளவைகளையும் சேர்த்து ஆராய்ந்து 197 பார்செக் என்றார்கள்: 890 மடங்கு. 2020இல் வந்த ஓர் ஆய்வு 168 பார்செக் என்றது: 760 மடங்கு. விண்மீன் ஒன்று; கோணமும் ஏறக்குறைய ஒன்று; விடைகள் நான்கு! அத்தனை வேற்றுமையும் தூரத்தால் வந்தவை.

ஏன் தூரத்தில் இத்தனை தடுமாற்றம்? தூரத்தை அறிய விண்மீனின் இடப்பெயர்ச்சிக் கோணத்தை அளக்கவேண்டும் என்றேன். திருவாதிரைக்கு அந்தக் கோணம் 0.006 வினாடி. விண்மீனின் வட்டமோ 0.042. தன்னைவிட ஏழு மடங்கு அகலமான, பொங்கிக் கொந்தளித்து நிறம் மாறும் ஒரு வட்டத்தின் நடுப்புள்ளி எவ்வளவு நகர்ந்தது என்று கேட்கிறோம். உலைநீர் கொதிக்கும் பானையின் நடு எங்கே என்று ஒரு மயிரிழை பிசகாமல் சொல் என்பது போல. 2013இல் ஏவப்பட்டு 2025இல் பணி முடித்த கையா விண்கலம் நூறு கோடிக்கு மேற்பட்ட விண்மீன்களின் தூரத்தை அளக்க முனைந்து வென்றது. திருவாதிரையோ அதன் கண்ணைக் கூசவைக்கும் அளவுக்கு ஒளியுடையது. அடுத்த வீட்டுக்காரரின் வயதுதான் கடைசிவரை தெரியாமற் போகிறது!

சுற்றுவழிக் கணக்குக்கும் திருவாதிரை பிடிகொடுப்பதில்லை. 2019 இறுதியிலிருந்து 2020 பிப்ரவரி வரை அது கண்கூடாக மங்கிற்று. விண்மீன் சுருங்கிவிட்டதா? இல்லை. அது கக்கிய வாயு தூசாகி முகத்தை மறைத்தது. மேற்பரப்பின் ஒரு பகுதியும் சற்றுக் குளிர்ந்திருந்தது என்பதே ஆராய்ந்தவர்கள் கண்டது. கண்ணை மூடிக்கொண்டு சூத்திரத்தில் எண்ணைப் போட்டவர் ஏமாந்திருப்பார். எந்த உள்ளீட்டில் பிழை எவ்வளவு விடையைக் கெடுக்கும் என்பதும் கணக்கிலேயே இருக்கிறது. ஒளிர்திறனில் நூற்றுக்குப் பத்துப் பிழை என்றால், வர்க்கமூலம் எடுப்பதால், விட்டத்தில் ஐந்துதான். வெப்பநிலையில் நூற்றுக்குப் பத்து என்றால், வர்க்கமாவதால், இருபது! 2013இல் 1,700 மடங்கு என்று மதிப்பிடப்பட்டு, "அண்டத்திலேயே பெரிய விண்மீன்" என்று பத்திரிகைகள் பட்டம் சூட்டிய யூஒய் ஸ்கூட்டி, பின்னர் தூரக் கணக்குத் திருந்தியபோது வெகுவாகச் சுருங்கிற்று. பட்டம் சூட்டிய பத்திரிகைகளில் எத்தனை அதைத் திரும்ப வாங்கிக்கொண்டன?

வழியோடு கற்றவனுக்கு இந்த மாற்றங்கள் அதிர்ச்சி தருவதில்லை. தூரம் மாறிற்றா, விடையை மாற்று என்று பென்சிலை எடுப்பான். எண்ணை மட்டும் மனப்பாடம் செய்தவனோ, எண் மாறியவுடன் "விஞ்ஞானிகளே நாளுக்கொன்று சொல்கிறார்கள், எதை நம்புவது?" என்பான். அப்புறம் எதைச் சொன்னாலும் நம்புவான். அல்லது எதையுமே நம்பமாட்டான். நான் அஞ்சுவது இதைத்தான்.

என் நண்பர்கள் சிலர் மறுப்பார்கள். "எண்ணுக்கு ஏதப்பா மொழி? ஆங்கிலத்தில் போட்டாலும் 760, தமிழில் போட்டாலும் 760" என்பார்கள். உண்மைதான். எண்ணுக்கு மொழி இல்லை. கேள்விக்கு உண்டு. விடுமுறைக்கு ஊருக்குப் போகிறோம், மொட்டைமாடியில் படுத்திருக்கும்போது தம்பி கேட்கிறான்: "அண்ணா, அத்தனை தூரத்தில் இருப்பதை எப்படி அளந்தார்கள்?" அப்போது நம் வாயில் தமிழில் இருப்பது "பென்னம் பெரியது" என்ற அடைமொழி மட்டுமே. அவனுக்குச் சொல்ல முடியாத கணக்கை நாம் முழுதும் அறிந்ததாக எனக்குத் தோன்றவில்லை. தேர்வுக்காகக் கடன் வாங்கி வைத்திருக்கிறோம்.

இன்னொரு சாரார், கலைச்சொற்கள் நிறையட்டும், பிறகு கணக்குப் போடலாம் என்பார்கள். பார்செக்குக்குத் தமிழ் என்ன, இன்டர்ஃபெரோமீட்டருக்குத் தமிழ் என்ன என்று ஒரு மாலை முழுதும் வாதாட அவர்களுக்கு வலிமை உண்டு. நல்ல சொல் கிடைத்தால் நானும் மகிழ்ந்து ஏற்பேன். அதுவரை பார்செக் பார்செக்காகவே இருக்கட்டும். இலை போட்டுவிட்டு, வாழைக்காய்க் கறிக்குப் பெயர் வைத்த பிறகுதான் பரிமாறுவேன் என்றால் பந்தியில் இருப்பவர் எழுந்து போய்விடுவர். மேலே இத்தனை கணக்கும் போட்டேன். ஓரிரண்டு சொற்கள் தவிர வேறெதற்கும் தமிழ் தடுமாறவில்லை.

ஆகவே நம் சங்கத்துக்கு இரண்டு வேண்டுகோள். ஒன்று, நம் மலரில் "இத்தனை மடங்கு" என்று எவர் எழுதினாலும், எதில் மடங்கு, எப்படி அறிந்தது என்ற இரண்டையும் சேர்த்து எழுதாவிட்டால் ஆசிரியர் குழு கட்டுரையைத் திருப்பி அனுப்பவேண்டும். என் கட்டுரையும் இதற்கு விலக்கன்று. மற்றொன்று, மாதத்தில் ஒரு கூட்டத்துக்கு ஒலிபெருக்கிக்குப் பதிலாக ஒரு கரும்பலகையைக் கொண்டு வாருங்கள். இலக்கிய மாணவரும் வணிக மாணவரும் வரட்டும். வர்க்கமூலம் மறந்தவருக்கு அருகில் இருப்பவர் சொல்லித் தருவார்.

தொடக்கத்துக்குச் சுவாதியை வைத்துக்கொள்ளலாம். சித்திரை மாதத்து இரவுகளில் விடுதி மாடியிலிருந்தே தெரியும். வெப்பநிலை 4,290 கெல்வின். ஒளிர்திறன் ஞாயிற்றைப்போல் 170 மடங்கு. கோண விட்டம் 0.021 வினாடி, தூரம் 11.3 பார்செக். இரண்டு வழியிலும் விட்டத்தைக் கண்டுபிடியுங்கள். இரண்டு விடைகளும் முற்றிலும் ஒன்றாக வரமாட்டா. ஒன்றிரண்டு மடங்கு வேறுபடும். எந்த உள்ளீட்டைச் சற்றுத் திருத்தினால் அவை நெருங்கும் என்பதையும் எழுதி, ஆசிரியர் குழுவுக்கு அனுப்புங்கள்.